ரொட்டியில் கல் இல்லை

பெய்ரூட்
செப்டம்பர் 4, வியாழன்

அன்பு மகள் ஜூமானாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டதாலேயே நீ நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்ளும் வயதை நான் தாண்டிவிட்டேன். என் நலத்தைப் பற்றி உனக்கு ஏற்கெனவே தகவல் வந்திருக்கிறது. அதில் சில திருத்தங்கள் உண்டு. நான் ரொட்டிக்கடைக்காரர் அபு நக்லேயை அடிக்கவில்லை. என் கையில் இருந்தது கைத்தடி அல்ல, வெயிலுக்குப் பிடிக்கும் குடை. அதை நான் நீட்டினேன், ஓங்கவில்லை. நான் மயங்கி விழவும் இல்லை, உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் மாவு மூட்டை என்பதும், என் கறுப்புப் பாவாடை வெள்ளையாகிவிட்டது என்பதும் உண்மை. உன் தெரேஸ் அத்தை எதிர்ப்புறம் மருந்துக்கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்கிறாள். மருந்துக்கடை வாசலிலிருந்து ரொட்டிக்கடையின் உள்பக்கம் தெரியாது, அன்று நடுவில் தண்ணீர் லாரி வேறு நின்றது. ஆனாலும் அவள் உனக்கு அனுப்பிய நான்கு நிமிடக் குரல் பதிவில் "அண்ணிக்குப் புத்தி பிசகிடுச்சு" என்று மூன்று முறை சொன்னதாக ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீயே சொன்னாய். இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி வந்து என்னை மான்ட்ரியாலுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவதாகவும், வீட்டைப் பூட்டிச் சாவியை அத்தையிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய் இணைப்பு அறுந்தது. நான்தான் கோபத்தில் துண்டித்தேன் என்று நீ நினைத்திருந்தால் அதையும் திருத்திக்கொள்.

ஆகவே இந்தக் கடிதம். மூன்றாம் மாடி ஸல்வாவின் தங்கை திங்கட்கிழமை உங்கள் ஊருக்குப் பறக்கிறாள், இதையும் அரைக் கிலோ ஸாத்தர் மூலிகைப் பொடியையும் அவள் கொண்டுவருவாள். பொடியை உடனே கண்ணாடிப் புட்டியில் மாற்று. புத்தி பிசகியவள் எழுதுகிற கடிதமா இது என்று நீயே வாசித்து முடிவு செய்துகொள். எழுபத்து நான்கு வயதில் என் வீட்டில், என் படுக்கையில், என் ஜன்னலோரத்தில் இருப்பதா அல்லது மூட்டையைப் போல ஏற்றி இறக்கப்படுவதா என்பது இந்தக் கடிதத்தைப் பொறுத்தது என்பதால் எதையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். மறைக்காமல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் கொஞ்சம் நீளும்.

ஜூலை பத்தாம் தேதி காலையில் லப்னே தயிர்க்கட்டியும் வெள்ளரிக்காயும் வைத்து ரொட்டியைக் கடித்தேன். கீழ்வரிசை இடது கடைவாய்ப்பல்லில் பாதி உடைந்து நாக்கின் மேல் வந்து விழுந்தது. வலிக்கவில்லை. துடைத்து ஒரு சாசரில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன். அன்று மாலை படிக்கட்டில் ஸல்வாவிடம் சொன்னபோது அவள் வாயைத் திறந்து காட்டினாள், அவளுக்குப் போட்டிருந்த பல் உறை முந்தின வாரம்தான் உடைந்ததாம். நான்காம் மாடி உஸ்தாஸ் மிஷால், அதுதான் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே மிஷால் வாத்தியார், மேலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரே வருஷத்துல ரெண்டு போச்சு மதாம், ரெண்டும் ரொட்டி திங்கும்போதுதான்" என்றார். ஒரே படிக்கட்டில் மூன்று பேர், நான்கு பற்கள், ஒரே ரொட்டிக்கடை. பள்ளியில் எங்களுக்கு அறிவியல் எடுத்த கன்னியாஸ்திரி, ஒரே விளைவு பலரிடம் தெரிந்தால் அவர்களுக்குள் பொதுவாக எது இருக்கிறது என்று தேடு என்று கற்றுக்கொடுத்தார். நான் தேடினேன். பொதுவாக இருந்தது அபு நக்லேயின் ரொட்டி. மாவில் கல் கலக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். இந்த ஊரில் அரிசியில், பருப்பில், பெட்ரோலில் எல்லாம் கலப்படம் இருக்கும்போது ரொட்டியை மட்டும் நம்புவதற்குக் காரணம் இல்லை.

முறைப்படி செய்தேன். மூன்று ரொட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டினேன். மூன்றாவதில் கறுப்பாக, முனை கூராக ஒரு துணுக்கு கிடைத்தது. அதை மருந்துப் புட்டியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, புகார்க் கடிதம் ஒன்றை அரபியிலும் பிரெஞ்சிலும் எழுதினேன். மிஷால் கையெழுத்துப் போட்டார். ஸல்வா பிரெஞ்சுப் பக்கத்தில் மட்டும் போட்டாள், அரபியில் போட்டால் அபு நக்லே வாசித்துவிடுவாராம். ஆகஸ்ட் இருபத்து மூன்று, சனிக்கிழமை காலை, கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் பார்த்து மூவரும் போனோம். சாட்சிகள் வேண்டும் என்று நான்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை அபு நக்லே அடுப்பிலிருந்து ரொட்டி எடுப்பதை நிறுத்தவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மதாம் ஒதேத், என் ரொட்டியிலயா கல்லு? நானும் இதத்தான் திங்கிறேன், பாருங்க" என்று வாயை ஆவென்று திறந்தார். உள்ளே இரண்டு பற்கள் பாதியில் நின்றன. அதை நான் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். வரிசையில் நின்றிருந்த பழக்காரர், "அட, எனக்கும் ஒண்ணு போச்சே" என்று கன்னத்தைத் தடவினார். அவருக்குப் பின்னால் இருந்த அம்மாள், "எனக்குப் போகல, ஆனா காலையில எந்திரிச்சா வாயே திறக்க மாட்டேங்குது, அது கணக்குல வருமா?" என்றார். வரும் என்று சொல்லிப் பெயரைக் குறித்துக்கொண்டேன். வரிசையில் ஏழு பேர், அதில் நாலு பேருக்குப் பல் சேதம். கடைசியில் நின்ற டாக்சிக்காரர், "நீங்க பேசி முடிச்சுட்டா எனக்கு ரெண்டு கட்டு குடுங்கப்பா, கல்லோட இருந்தாலும் பரவால்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் குரல் உயர்ந்தது. எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தெருவில் போனவர்கள் நின்றார்கள் என்று மிஷால் சொன்னார். பற்களில் தொடங்கிய பேச்சு மின்சாரம், தண்ணீர், லிஃப்ட், மேலே நாள் முழுவதும் இரைந்துகொண்டு சுற்றுகிறதே அந்த ஆளில்லா விமானம் என்று அபு நக்லேக்குச் சம்பந்தமில்லாத பல இடங்களுக்குப் போனதாகத் தெரிகிறது. "இதெல்லாம் நான் பண்ணலையே மதாம்" என்று அவர் பணிவாகச் சொன்னது நினைவிருக்கிறது. பிறகு நெஞ்சு படபடவென்று அடித்தது, இடது கை மரத்தது, கண்ணுக்கு முன்னால் அடுப்பு தூரமாகப் போயிற்று. நான் உட்கார்ந்தேன். அவர் அட்டைப்பெட்டி மூடியால் விசிறினார். தண்ணீர் கொடுத்தார். அந்த நிலையிலும் புட்டியை நான் கையிலிருந்து விடவில்லை.

அவரேதான் என்னைப் பல் டாக்டர் வாஹேயிடம் அழைத்துப் போனார். "கல்லு இருக்கா இல்லையான்னு அவரே சொல்லட்டும், இருந்தா நான் கடைய மூடிடுறேன்" என்று சொல்லி, மாவு அப்பிய உடையோடு என்னுடன் வந்து காத்திருப்பு அறையில் உட்கார்ந்தார். டாக்டர் வாஹே புட்டியில் இருந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், பிறகு விரலில் எடுத்து முகர்ந்தார், பிறகு வாயில் போட்டு மென்றார். "கருஞ்சீரகம்" என்றார். கடையில் பக்கத்துத் தட்டில் இருந்த கருஞ்சீரக ரொட்டியிலிருந்து உதிர்ந்து ஒட்டியிருக்கிறது. என் சாட்சியப் பொருளை அவர் தின்றுவிட்டார் என்பதை நான் பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு என் வாயைப் பார்த்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். என் பற்களின் மேற்பரப்பு, ஜூமானா, வாசற்படிக் கல்லைப் போலத் தேய்ந்து தட்டையாக இருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரொட்டியாவது உங்க பல்ல உடைக்கிறதாவது மதாம். ராத்திரி பூரா நீங்களே கடிச்சு நெரிச்சு விரிசல் விட்டு வச்சிருக்கீங்க, காலையில ரொட்டி வந்து பழியை ஏத்துக்குது. இந்தத் தெருவுல மட்டும் குளிர்காலத்துல இருந்து நாப்பத்தோரு பேருக்கு இப்படிப் பாத்திருக்கேன். ஒருத்தர் ஆலிவ் கொட்டைய எடுத்துட்டு வர்றார், ஒருத்தர் பிஸ்தாவ எடுத்துட்டு வர்றார். ஒருத்தராவது தன்னையே கூட்டிட்டு வரணுமே, இல்ல." அவர் தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறு பெட்டியைக் காட்டினார். அவரும் இரவில் பல்லுக்கு உறைத்தட்டு போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாராம். காத்திருப்பு அறையிலிருந்து அபு நக்லே, "அப்ப எனக்கும் ஒண்ணு செய்யுங்க டாக்டர்" என்றார்.

ஏழெட்டு நாள் ஒரு சோதனை செய்யச் சொன்னார். பகலில் வாய் மூடியிருக்கும்போது உதடு சேர்ந்திருக்கலாம், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாதாம். இது எனக்குச் செய்தி. வீடு முழுக்கச் சிறு காகிதப் பொட்டுகளை ஒட்டி, ஒவ்வொரு முறை கண்ணில் படும்போதும் பல் எப்படி இருக்கிறது என்று கவனிக்கச் சொன்னார். நீலக் காகிதத்தில் வெட்டி குளிர்சாதனப் பெட்டியில், குளியலறைக் கண்ணாடியில், ஜெனரேட்டர் பொத்தானுக்கு மேலே, ஜெபப் புத்தகத்தில், உன் அப்பா நசீமின் படச் சட்டத்தில் ஒட்டினேன். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் குறித்தேன். முதல் நாள் முப்பத்து நான்கு முறை கவனித்தேன், அதில் முப்பத்தொரு முறை பற்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. மீதி மூன்று முறை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு பூசையில் பிறருடைய குற்றங்களை மன்னிப்பதாக நான் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் பொட்டு கண்ணில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேதான் மன்னித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அபு நக்லே கடைக்குத் திரும்பவும் போனேன், அதே கூட்ட நேரத்தில். குற்றச்சாட்டை எந்தக் காதுகள் கேட்டனவோ அந்தக் காதுகளே மறுப்பையும் கேட்க வேண்டும். ரொட்டியில் கல் இல்லை, நான் சொன்னது தவறு, வருந்துகிறேன் என்று எழுதிக் கொண்டுபோய் நின்று வாசித்தேன். முடித்ததும் அவர், "போன வாரம் கல்லு இருக்குன்னு சொன்னீங்க, ஒருத்தரும் நம்பல. இப்ப இல்லைன்னு எழுதி வேற வாசிக்கிறீங்க, எல்லாரும் ரொட்டியப் பிச்சுப் பிச்சுப் பாக்குறாங்க" என்றார். உண்மைதான், பார்த்தார்கள். இதைச் சொல்லக் காரணம், மறுப்பு வாசித்ததைத் தெரேஸ் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அன்று தண்ணீர் லாரி நிற்கவில்லை, அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

கை மரத்ததற்காகப் பல் டாக்டர் என்னை இதய மருத்துவரிடம் அனுப்பினார். இளவயதுக்காரர், மேசை ஒழுங்காக இல்லை, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர். இதயம் பழுதில்லை. ரத்த அழுத்தம் அதிகம், மாத்திரை எழுதினார். மார்பு படபடப்பு, கை மரத்தல், வயிற்றில் எரிச்சல், கழுத்தில் இறுக்கம், முன்நெற்றியில் முடி உதிர்வது, சளி பிடித்தால் ஒரு மாதம் விடாதது என்று ஐந்து டாக்டர்களிடம் தனித்தனி நோயாக நான் சொல்லிவந்ததை அவர் ஒரே தாளில் எழுதி ஒரே வட்டம் போட்டார். விளங்கும்படி சொல்லுங்கள் என்றேன். நாய் துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு ஒன்றைச் சுரக்கிறது, இதயத்தை விரட்டுகிறது, சதையை முறுக்குகிறது, செரிமானத்தையும் தூக்கத்தையும் ஒத்திவைக்கிறது; அதெல்லாம் பத்து நிமிடத்துக்கு உண்டான ஏற்பாடு என்றார். "உங்களுக்கு எத்தனை வருஷமா மதாம்?" என்று கேட்டார். எழுபத்தைந்தாம் ஆண்டு ஏப்ரலில் இருந்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நடுவுல ஓய்வு?" என்றார். நடுவில் சில வருடங்கள் சண்டை இல்லை, ஆனால் அடுத்தது எப்போது என்று காத்திருந்தோம் என்றேன். அந்த வருடங்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்றார்.

புத்தி விஷயத்துக்கு வருகிறேன், உனக்கு வேண்டியது அதுதான். நான் மறக்கிறேன் என்று அத்தை சொன்னது பொய்யல்ல. கெண்டியின் பெயர் வரவில்லை, "அந்த மூக்கு உள்ளது" என்று சொன்னேன். அவள் மகன் பெயரையே ஒருநாள் மறந்தேன், அதை மட்டும் நோய்க்கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு பக்கம் வாசித்தால் மறுபடி முதல் வரிக்குப் போகவேண்டியிருக்கிறது. மருத்துவர் நினைவாற்றல் சோதனை வைத்தார். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன், அவர் தாளில் அச்சிட்டிருந்த மாதிரிக் கடிகாரத்தில் முள்கள் சமமாக இல்லை என்பதையும் சொன்னேன். முப்பதுக்கு இருபத்தொன்பது. ஒன்று போனது கிழமையில், வியாழனைப் புதன் என்றேன். கரண்ட் வரும் நேரத்தை வைத்துத்தான் நான் கிழமையைத் தெரிந்துகொள்வது, எங்கள் கட்டடத்தில் அந்த முறையை மாற்றியதிலிருந்து புதன்கிழமை இரண்டு நாள் நீடிக்கிறது. இது மூளைத் தேய்வு இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், நகல் இணைத்திருக்கிறேன். எப்போதும் ஒரு காது ஜெனரேட்டரிலும் ஒரு காது வானத்திலும் இருந்தால் கெண்டிக்குக் காது மிச்சமிருக்காது என்பது அவர் விளக்கம். தூக்கத்தையும் கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன் என்றேன். எப்போது விழிப்பீர்கள் என்றார். மூன்று மணிக்கு என்றேன். "அப்புறம்?" என்றார். அப்புறம் விடியும் என்றேன்.

அவர் கேட்டு நான் பதில் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அழுகை வருமா என்று கேட்டார். என் வீட்டு விஷயங்களை அறிமுகமில்லாதவரிடம் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்கிறேன். அப்பாவின் அடக்கத்தில் நான் அழவில்லை என்று அப்போதே பேச்சு வந்தது. பெருமைக்காரி என்றார்கள். பெருமைக்காரிதான், ஆனால் அதற்காக அல்ல, அழுகை வரவில்லை. உள்ளே போய்த் தேடினேன், அங்கே ஒன்றுமே இல்லை. ஸல்வாவுக்குப் பேத்தி பிறந்தபோது மகிழ்ச்சிக்குத் தேடினேன், அதுவும் இல்லை. வாழ்த்தினேன், முறைப்படி சரிகை உறையில் பணம் வைத்தேன், வீட்டுக்கு வந்து கொசுவலையைத் தைத்தேன். ஆனால் போன மாதம் ஆப்ரிகாட் ஜாம் புட்டியின் மூடி திறக்கவில்லை என்று சமையலறையில் நின்று இருபது நிமிடம் அழுதேன். போன வாரம் தெரேஸ் என் கரண்டிகளை முள்கரண்டிகளோடு கலந்து அடுக்கினாள் என்பதற்காக அவளை வெளியே போகச் சொன்னேன். "கரண்டிக்காகவா அண்ணி?" என்று வாசலில் நின்று கேட்டாள். கரண்டிக்காகத்தான் என்றேன். அவள் என்னைப் பற்றி உனக்குக் குரல் பதிவு அனுப்பியது அதற்கு மூன்றாம் நாள். நியாயமாகப் பார்த்தால் அவள் பயந்துதான் அனுப்பியிருக்கிறாள். இதை அவளிடம் சொல்லாதே.

இந்த வட்டம் போட்ட தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உன் அப்பாவின் நினைவு வந்தது. அவருக்கு வயிறு எரிகிறது என்று சொன்ன நாளில் நான் காபியை நிறுத்தினேன். எண்பத்து மூன்றாம் வருடம் என்று நினைக்கிறேன். அன்றாடம் சோதனைச் சாவடி தாண்டி வேலைக்குப் போய், திரும்பி வருவாரா என்று அவருக்கே தெரியாமல் வந்துகொண்டிருந்த காலம். காபி கெடுதல் என்று நான் முடிவு செய்தேன், எனக்குச் சந்தேகமே இல்லை. அதன்பின் அவர் முப்பத்தொன்பது வருடம் சாகும்வரை என் முன்னால் காபி குடிக்கவில்லை. எல்லோரும் குடிக்கும் இடத்தில் கையில் சூடான தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எரிச்சல் குறையவில்லை. குறையவில்லையே என்று அவரும் சொல்லவில்லை, ஏன் குறையவில்லை என்று நானும் கேட்கவில்லை. அபு நக்லேயிடம் போய் மறுப்பு வாசிக்க முடிந்தது. இதை எந்தக் கடையில் போய் வாசிப்பது என்று தெரியவில்லை.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது, இது நானே உனக்குச் சொன்னதைப் பற்றி. இந்த ஊரில் சத்தம் கேட்டால் ஃபோனை எடுத்ததும் ஹலோவுக்கு முன்னால் "ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்வோம், நீயும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தான். நீ அங்கே போய்ப் பதினோரு வருடம் ஆயிற்று, இந்தப் பதினோரு வருடமும் நான் உனக்கு அதையே சொன்னேன். துறைமுகம் வெடித்த நாளில், கண்ணாடி மட்டும் உடைந்தது என்றேன். கண்ணாடி மட்டும்தான், ஆனால் அதில் ஒரு துண்டு என் தோள்பட்டையில் இருந்தது. மிஷால் சர்க்கரைக் கட்டி எடுக்கும் இடுக்கியால் எடுத்தார். பதினான்கு தையல். உன்னோடு பேசும்போது துண்டு உள்ளேயே இருந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய், நான் நேராக உட்காரச் சொன்னேன். போன ஆண்டு இலையுதிர்காலத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த வாரங்களில், மலையில் ஸல்வாவின் உறவினர் வீட்டில் பத்திரமாக இருக்கிறேன் என்று சொன்னேன். நான் இங்கேயே இருந்தேன். பின்னால் கேட்ட கோழிச் சத்தம் ஸல்வா தன் ஃபோனிலிருந்து போட்டது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தேன். பொய் சொன்னதற்கு வருந்துகிறேன். கோழிக்கு அதிகம் வருந்துகிறேன்.

இப்போது உன்னைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முகம் தெரிந்த ஒன்பது நிமிடத்தில் உன் வலது கை நான்கு முறை கன்னத்துக்குப் போயிற்று, காதுக்குக் கீழே, தாடை மடங்கும் இடத்தில். கேட்டதற்கு, வசந்தகாலத்தில் பாதாம்பருப்பு கடித்துப் பல் போயிற்று, அங்கே பாதாம்பருப்பு கட்டியாக இருக்கிறது என்றாய். ஜூமானா, உங்கள் ஊர்ப் பாதாம்பருப்புக்கும் எங்கள் ஊர்ப் பாதாம்பருப்புக்கும் வித்தியாசம் இல்லை. நீ இருக்கும் இடத்தில் குண்டு விழுவதில்லை, கரண்ட் போவதில்லை, லிஃப்ட் நடுவழியில் நிற்பதில்லை. ஆகவே உனக்கு ஒன்றும் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் இங்கே ஒரு சத்தம் கேட்டு ஆறு நிமிடத்துக்குள் உன் அழைப்பு வந்துவிடுகிறது. இங்கே எத்தனை மணியானாலும், அங்கே எத்தனை மணியானாலும் ஆறு நிமிடம். அப்படியென்றால் நீ எப்போது தூங்குகிறாய் என்று நான் ஒருமுறைகூடக் கணக்குப் போடவில்லை. கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அந்தச் சொல்லை நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும்.

என் முடிவைச் சொல்கிறேன். இருபத்தெட்டாம் தேதி என்னை அழைத்துப் போக வராதே. எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது, உடம்பு சரியாக இல்லை, இரண்டுக்கும் தாள் இணைத்திருக்கிறேன். உறைத்தட்டு போட்டுக்கொள்கிறேன். அது பிளாஸ்டிக்கைச் சப்பித் தூங்குவதைப் போல அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் போட்டுக்கொள்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் கடற்கரைச் சாலையில் அரை மணி நடக்கிறேன், மிஷால் கூட வருகிறார், பேச வேண்டாம் என்று ஒப்பந்தம், அவர் மீறுகிறார். புதன்கிழமைகளில் கோயில் கூடத்தில் ஒரு பெண்மணி வந்து எங்களில் ஆறு பேரை வட்டமாக உட்காரவைத்து மனத்தில் உள்ளதைச் சொல்லச் சொல்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு புதன்கள் போனேன், முதலாவதில் வாயே திறக்கவில்லை, இரண்டாவதில் நாற்காலி ஆடுகிறது என்று சொன்னேன். அடுத்த புதனும் போவேன். ஐம்பது வருடம் கட்டிய மூட்டையை ஐந்து வாரத்தில் அவிழ்க்க முடியாது என்றாள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஆனால் நீ எனக்குக் கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் எழுத வேண்டும். ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், எத்தனை மணிக்கு விழிக்கிறாய். ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாயா. கடைசியாக எப்போது அழுதாய், எதற்கு. கடைசியாக எப்போது உனக்குச் சந்தோஷமாக இருந்தது, தேடினால் கிடைக்கிறதா. வீட்டில் கத்துகிறாயா, யாரிடம், கரண்டிக்காகவா. வேலையில் ஒரே வரியை எத்தனை முறை வாசிக்கிறாய். உன் பதில்கள் நான் நினைப்பது போலவே இருந்தால் நீ வர வேண்டியதில்லை, நான் வருகிறேன். யாரும் அழைத்துப் போகும் நோயாளியாக அல்ல, உன் அம்மாவாக, திரும்பும் டிக்கெட்டோடு, மூன்று மாதத்துக்கு. உன் அறையிலேயே எனக்கும் ஒரு கட்டில் போடு. ஃபோன் என் பக்கத்தில் இருக்கட்டும், சத்தம் வந்தால் நான் எடுத்துப் பேசுகிறேன், நீ தூங்கு. சாவி ஸல்வாவிடம் இருக்கும்.

கடவுள் உன்னை நிழலில் வைத்திருக்கட்டும். நீ கால் வைக்கும் இடம் உறுதியாக இருக்கட்டும், உன் இரவுகள் முழுசாக இருக்கட்டும். பல் டாக்டரிடம் இந்த வாரமே போ, பாதாம்பருப்பை எடுத்துக்கொண்டு போகாதே. அத்தைக்கு ஃபோன் செய்து அன்பாகப் பேசு, நானும் ஞாயிறன்று கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறேன். இந்தக் கேள்விகளுக்கு ஃபோனில் பதில் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். ஸல்வாவின் தங்கை இருபதாம் தேதி திரும்புகிறாள். அதற்குள் உண்மையை உன் கையெழுத்தில் தாளில் எழுதி அவளிடம் கொடுத்தனுப்பு.

உன் அம்மா,
ஒதேத்